தம்பியின் சக்கர் மீன்கள்

என் வேலை புள்ளி பார்ப்பது. விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் வரிசையாக இருக்கிற பக்கத்தில் ஒரு சின்ன யூனிட்டில், செக்கிங் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். சூளையில் வெந்து வருகிற பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்து ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பேன். வெள்ளை வெளேரென்று இருந்தால் இந்தப் பக்கம், கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அந்தப் பக்கம். களிமண்ணில் இரும்புத் துகள் கலந்திருந்தால் அப்படிப் புள்ளி விழும். கூழாகக் கரைத்து வைத்திருக்கும்போதே காந்தத்தை விட்டு அலசி எடுப்பார்கள். அதற்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு ஒன்றிரண்டு உள்ளே போய், நெருப்பில் வெந்த பிறகு முகத்தைக் காட்டும். இந்த வேலையில் இருந்து இருந்து, வீட்டில் இட்லியில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால்கூட என் கை தானாகத் தட்டைத் தள்ளிவிடுகிறது.

ஆகவே என் தம்பி அந்த இரண்டு மீன்களையும் பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றபோது, நான் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"ரெண்டும் ரிஜெக்ட் பீஸுடா."

"நீ எதைத்தான் பாஸ் பண்ண?" என்றான். "சக்கர் மீனு யக்கா. டேங்க் கிளீனர்னும் சொல்றாங்க. கண்ணாடில ஒட்டிக்கினு பாசியெல்லாம் தின்னுடும். தென் அமெரிக்காவுல ஆத்துல இருக்குமாம்."

"அங்கேர்ந்து விருத்தாசலத்துக்கு வந்து நம்ம வூட்டுப் பாசியைத் தின்னணும்னு அதுங்க தலையில எழுதியிருக்குது."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கொழம்பு வக்கலாமா?" என்று கேட்டாள். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே போய்விட்டார். நான் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்தவள். ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. தம்பி நான் வேலை பார்க்கிற யூனிட்டிலேயே பேக்கிங்கும் டெலிவரியும் பார்த்தான்.

மீன்கள் விரல் நீளம் இருந்தன. மற்ற மீனுக்கு இருக்கிற வழவழப்பான செதில் இதற்கு இல்லை. முதுகிலிருந்து வால் வரைக்கும் ஓடு ஓடாக வரிசை வைத்து அடுக்கியிருந்தது. தொட்டால் சொரசொரவென்று குத்தும். மண் நிறத்து உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். வாய் முகத்தின் அடியில் வட்டமாக இருந்தது. அதைக் கண்ணாடியில் வைத்து அழுத்தி ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுத்தாலும் வராது. தம்பி தொட்டியில் முன்பே விட்டிருந்த தங்க மீன்கள், கரண்டு போன ஒரு வெயில் காலத்தில் காற்று மோட்டார் நின்றுபோய் ஒவ்வொன்றாக மிதந்தன. இந்த இரண்டும் அசையவில்லை. மேலே ஒருமுறை வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்ப அடியில் போய் உட்கார்ந்துகொண்டன.

"இதுங்க சாவாது யக்கா" என்று தம்பி பெருமையாகச் சொன்னான்.

யூனிட்டில் கழித்துப் போட்ட குழாய் மாதிரியான ஒரு பெரிய இன்சுலேட்டரை எடுத்து வந்து தொட்டிக்குள் படுக்க வைத்தான். மீன்கள் பெரும்பாலும் அதற்குள்தான் கிடக்கும். மத்தியானம் தெரு அடங்கி, டிவியும் அணைந்திருக்கும் நேரத்தில் வெளியே வந்து கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பிக்கும். கரக், கரக் என்று மெல்லிசாகச் சத்தம் கேட்கும். யாரோ அடுத்த அறையில் உட்கார்ந்து நகத்தால் சுவரைக் கீறுகிற மாதிரி இருக்கும். அம்மாவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் அவளுக்கு மத்தியானத் தூக்கம் வரவில்லை.

அந்த நாளைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். சாம்பிள் கட்டைகள் இருந்த அட்டைப்பெட்டி ஒன்றை வேப்பூருக்குக் கொண்டுபோய், சென்னைக்குப் போகிற லாரியில் ஏற்றிவிட்டு வர வேண்டும். பெட்டிக்குள் இருந்த ஒவ்வொரு கட்டையையும் பார்த்து அனுப்பியவள் நான். ஒன்றில்கூடப் புள்ளி கிடையாது. தம்பி பெட்டியை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன் யக்கா, சாயங்காலம் பஜ்ஜி வாங்கியாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, பேக்கிங்கில் இருக்கிற ஒரு பெண் போனை நீட்டினாள்.

"யக்கா, வேப்பூர்கிட்ட ஆக்சிடெண்டாம். பாரேன்."

அவளுக்கு யாரென்று தெரியாது. போனுக்குப் போன் சுற்றிக்கொண்டிருந்த வீடியோ அது. ரோட்டில் வெள்ளை வெள்ளையாகச் சிதறிக் கிடந்தவற்றைத்தான் நான் முதலில் பார்த்தேன். என் கட்டைகள். ஒன்றுகூட உடையவில்லை. அதற்குப் பிறகுதான் அவற்றின் நடுவில் கவிழ்ந்து கிடந்த சட்டையைப் பார்த்தேன். சுற்றிலும் செருப்புக் கால்கள். கட்டைகளை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நின்றன. "உசுரு இருக்குதுடா" என்றது ஒரு குரல். "தொடாதீங்க, கேசு ஆயிடும்" என்றது இன்னொரு குரல். தம்பியின் வலது கை தாரில் மல்லாந்து கிடந்தது. அது விரிந்தது, மூடியது. மறுபடி விரிந்தது, மூடியது. வீடியோ அதோடு நின்றுவிட்டது.

அன்றைக்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மாமாக்களிடம், பெரியம்மாவிடம், யூனிட்டில் கூட வேலை செய்பவர்களிடம், கம்மாபுரத்துச் சொந்தங்களிடம். அம்மா கேட்டால், அடிபட்ட அந்த நிமிஷமே உயிர் போய்விட்டது, அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று சொல்ல வேண்டும். வீடியோவைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் சும்மா விடமாட்டேன் என்றும் சொன்னேன். என் வாய்க்குச் சொந்தத்தில் பயப்படாதவர்கள் கிடையாது. இதை நான் தப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு நடந்தாலும் இதையேதான் செய்வேன்.

அம்மாவும் கேட்டாள். அவள் அழுததைவிடக் கேட்டதுதான் அதிகம். துக்கம் கேட்க யார் வந்து உட்கார்ந்தாலும், அவர்களுடைய கையைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வி.

"உடனே போயிட்டானாங்க? ரொம்ப நேரம் கெடக்கலயே?"

"அந்த நிமிஷமே போயிட்டான் யம்மா. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்று எல்லாரும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்கள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். சொன்னவர்கள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். துக்கமெல்லாம் முடிந்து வருஷங்கள் ஆன பிறகும், வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள் அதைக் கேட்பதை விடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் ஆற்றங்கரையில் நடந்தது. மணிமுத்தாற்றில் அப்போது மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழியில் தேங்கியிருந்த தண்ணீரில் எல்லாவற்றையும் கரைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். படையல் எடுத்தபிறகு அம்மா திடீரென்று தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இதுங்களையும் வுட்டுடலாம். அவன் வளத்தது. இந்தக் கண்ணாடிக்குள்ள எதுக்குக் கெடந்து அல்லாடணும்? தண்ணில வுட்டா அவனுக்குத்தான் புண்ணியம்."

வந்திருந்த பெண்கள் அது நல்ல காரியம் என்றார்கள். எனக்கும் அப்போது அதில் எந்தக் குற்றமும் தெரியவில்லை. மீனைத் தண்ணீரில் விடுவதில் யாருக்கு என்ன நஷ்டம் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற ஏரிக்குப் போனோம். பெயிண்டு வாளியில் இரண்டு மீனும் இருந்தன. விரல் நீளத்தில் வந்தவை இந்த ஒன்றிரண்டு வருஷத்தில் முழங்கை நீளம் வளர்ந்திருந்தன. அம்மா முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, வாளியைச் சாய்த்தாள். இரண்டும் அவசரப்படவே இல்லை. அம்மாவின் கால் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சேற்றுக்குள் மறைந்தன.

"போயிட்டு வா" என்றாள் அம்மா.

கரையில் நின்றிருந்த பெரியம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்கூடப் போயிட்டு வரேன் என்று சொல்ல மாட்டார்கள். பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். காரியத்தன்றைக்கு, அதுவும் போனவனுடைய பொருளை அனுப்பும்போது, வா என்ற சொல் வாயில் வரவே கூடாது.

"அடியே, இன்னா வார்த்தை சொல்ற? வாயைக் கழுவு, வாயைக் கழுவு" என்று பெரியம்மா தண்ணீருக்குள் இறங்கி வந்து அம்மாவின் முகத்தைத் துடைத்தாள். அம்மா முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். தெரியாமல் வாய் தவறி வந்ததென்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தொட்டியை விற்றுவிடலாம் என்று நான் சொன்னதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. தண்ணீரை மாற்றி மாற்றி வைத்தாள். உள்ளே அந்தக் குழாய் மட்டும் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரையில் பாயைப் போட்டுப் படுத்திருந்தேன். மின்விசிறி ஓடவில்லை. அரைத் தூக்கத்தில் கரக் என்று கேட்டது. கண்ணைத் திறக்காமல் காதை மட்டும் வைத்துக்கொண்டு கிடந்தேன். கரக், கரக். எழுந்து உட்கார்ந்து தொட்டியைப் பார்த்தால் தண்ணீர் அசையாமல் நின்றது.

"கேட்டியா?" என்றாள் அம்மா. சுவரோரம் படுத்திருந்தவள், திரும்பாமலே கேட்டாள்.

"எலிம்மா."

"ம்" என்றாள்.

மறுநாள் எலிப்பொறி வாங்கி வந்து வைத்தேன். அதில் எதுவும் விழவில்லை. பேய் பிசாசு என்று பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அந்தச் சத்தத்தை நான் அதற்குப் பிறகும் கேட்டிருக்கிறேன். அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவோடு அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

ஒரு மழைக்காலம் போய், இன்னொன்றும் போனது. அதற்கடுத்த கோடையில் ஏரி வற்றியபோது, மீன் குத்தகை எடுத்தவர் வலை இறக்கினார். வளைகுடாவில் பல வருஷம் கார் ஓட்டிவிட்டு வந்தவர் அவர். கையில் இருந்ததையெல்லாம் போட்டுக் கெண்டையும் கட்லாவும் குஞ்சு வாங்கி விட்டிருந்தார். அன்றைக்குக் காலையில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்க வூட்டு மீனு ஏரி பூரா கெடக்குதாமே யக்கா."

நான் போய்ப் பார்த்தேன். கரையில் சின்னதும் பெரியதுமாகக் குவித்துப் போட்டிருந்தார்கள். எல்லாம் அதே ஓடு, அதே புள்ளி. கை நீளத்துக்கு வளர்ந்தவற்றில் புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கோடு கோடாக ஓடியிருந்தன. வலையைப் பிடித்திருந்த ஆட்கள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் முள் வலையில் மாட்டினால் எடுக்க முடியாது, கண்ணியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கரையோரம் தண்ணீர் வற்றிய இடமெல்லாம் பொந்து பொந்தாகத் தோண்டி வைத்திருந்தன. கெண்டை பாதிகூடக் கிடைக்கவில்லை. இதை வாங்குவாரும் இல்லை, தின்பாரும் இல்லை. காக்கை வந்து ஓட்டின் மேல் கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்தது. ஒரு நாய் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது.

அவை உயிரோடு இருந்தன. விடிகாலையில் பிடித்துப் போட்டவை, வெயில் ஏறி மண் சுடுகிற நேரத்திலும் உயிரோடு இருந்தன. ஒன்றைக் காலால் புரட்டினால் கிர்ரென்று தொண்டை கட்டினவன் பேச வருகிற மாதிரி ஒரு சத்தம் கொடுக்கும். நேராக வேலைக்குப் போய்விட்டேன். அன்றைக்கு நான் பார்த்துக் கழித்த கட்டைகளில் பாதி நல்ல கட்டை என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார்.

எங்கள் இரண்டு மீனிலிருந்துதான் இத்தனையும் வந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? ஊரில் எத்தனை வீட்டில் தொட்டி இருந்ததோ, வளர்ந்துபோன மீனை எத்தனை பேர் கொண்டுபோய் விட்டார்களோ. இதையெல்லாம் நான் எல்லாரிடமும் எடுத்துச் சொன்னேன். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "காரியத்தன்னிக்கு வான்னு சொன்னா வராம இன்னா பண்ணும்?" என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மறுநாள் விடிந்ததும் பெயிண்டு வாளியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டாள்.

கரையில் போட்ட மீன்களைப் பொறுக்கி, வாளியில் எடுத்துப்போய்த் தண்ணீரில் விட்டாள். அவர்கள் பிடித்துப் போடப் போட, இவள் எடுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். வலைக்காரர்கள் முதலில் பைத்தியம் என்று சிரித்தார்கள், பிறகு கத்தினார்கள். நான் வாளியைப் பூட்டி வைத்தேன். அடுத்த நாள் சேலை மடியில் கட்டி எடுத்தாள். முள் குத்திச் சேலை கிழிந்து, உள்ளங்கையெல்லாம் ரத்தமாக, சேற்று நாற்றத்தோடு வந்து நின்றாள்.

"ஊரே சிரிக்குதும்மா."

"சிரிக்கட்டும்."

"அவன் செத்துட்டாம்மா. மீனா வரல. மீனு மீனுதான்."

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "அதுங்க கெடக்குறது என்னால பாக்க முடியல. அவ்ளோதான்."

எனக்குக் கோபம் தலைக்கேறினால் நல்லது கெட்டது தெரியாது. கண்டபடி கத்தினேன். அவள் கொட்டாங்கச்சியில் மஞ்சளைக் குழைத்துக் கையில் பூசிக்கொண்டு, நான் ஓயும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் குத்தகைக்காரரே வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்தார். சுவரில் மாலை போட்டிருந்த தம்பியின் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யம்மா, உங்க மனசு எனக்குப் புரியுது. நானும் புள்ளை பெத்தவன்தான். ஆனா நீங்க ஒண்ண உள்ள வுட்டீங்கன்னா அடுத்த வருசம் அது நூறா நிக்குது. ஏரில நம்ம கெண்டை ஒண்ணு மிஞ்சாது. வலை போடுற பத்து குடும்பத்துக்கும் சோறு இல்லாம பூடும். இதை மட்டும் செய்யாதீங்க. உங்க கால்ல வேணா வுழுறேன்."

"ஐயய்யோ, அப்பிடில்லாம் சொல்லாதீங்க" என்றாள் அம்மா. டீ குடித்த டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். "சரிங்க. இனிமே உள்ள வுடல. ஆனா ஒண்ணு கேக்குறேன். சாவடிச்சிட்டாவது போடக் கூடாதா? இப்பிடி உசுரோட வெயில்ல போட்டுட்டுப் போறீங்களே."

"எங்க யம்மா அடிக்கிறது? ஓட்டு மேல தடி பட்டா தடிதான் ஒடியுது. ஆளுங்களுக்கும் நேரம் இல்ல. கெடந்து தானா போயிடும்."

"எவ்ளோ நேரம் கெடக்கும்?"

அவர் சங்கடமாக என்னைப் பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும்கூட கெடக்குதுங்க."

அம்மா தலையை ஆட்டினாள். சொன்ன வார்த்தையை மீற மாட்டாள் என்று எனக்குத் தெரியும். இத்தோடு இந்த விவகாரம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்து பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை. இந்தத் தடவை கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்துவிட வேண்டும் என்ற முடிவோடு ஏரிக்குப் போனேன்.

வலைக்காரர்கள் மீனை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். கரையில் நிழல் கிடையாது. அம்மா மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிச் சக்கர் மீன்கள் கிடந்தன. அவள் எதையும் தூக்கவில்லை. தண்ணீர் பத்து அடி தூரத்தில் இருந்தது, அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. எதிரில் கிடந்த ஒரு மீனின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள். அதன் பக்கத்தில் அடங்கிப்போன மீன்கள் ஒரு வரிசையாகத் தனியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

"உள்ள வுடலடி" என்றாள், நான் வாயைத் திறப்பதற்குள். "அவருகிட்ட சொன்ன சொல்லு சொல்லுதான். சும்மா உக்காந்திருக்கேன்."

"எதுக்கும்மா?"

"பக்கத்துல ஒரு ஆளு இருக்கட்டுமேன்னுதான்."

இழுத்துப் போக வந்தவள், அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மண் சுட்டது. மீனின் பக்கவாட்டுத் துடுப்பு விரிந்தது, மூடியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏரியின் நடுவில் எஞ்சியிருந்த தண்ணீர் வெயிலில் மின்னியது. கண் கூசுவதுபோல இருந்ததால் அங்கேயும் பார்க்க முடியவில்லை.

"அவன் கையும் இப்பிடித்தான ஆடிச்சி?" என்றாள் அம்மா.

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பால் தெளிச்ச அன்னிக்கே அந்த வீடியோவக் காட்டுனாங்கடி. யாருன்னு கேக்காத, நீ சண்டைக்குப் போவ. நல்லதுன்னு நெனச்சித்தான் காட்டுனாங்க."

"அப்புறம் எதுக்கும்மா எல்லாருகிட்டயும் கேட்டுக்கிட்டே இருந்த? நேத்துவரைக்கும் கேட்டியே."

"எல்லாரும் ஒரே மாதிரி சொன்னீங்க. சொல்ல வச்சிக்கிட்டே இருந்தா அதுவே நெசமாயிடும்னு பாத்தேன்."

அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் அவளைக் காப்பாற்றி வைத்திருப்பதாக நினைத்து ஊரையெல்லாம் மிரட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் அந்தக் கையைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். மத்தியானச் சத்தத்துக்கு நான் எலி என்று சொன்னபோது, அவள் ம் என்று சொன்னதும் எனக்காகத்தான் என்று அப்போது விளங்கியது.

"யாராவது பக்கத்துல இருந்தாங்களாடி? தண்ணி கிண்ணி குடுத்தாங்களா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. காலுதான் தெரிஞ்சுது."

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. யாரோ ஒரு அம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள் என்று சொல்லிவிட்டால் என்ன? அவளும் அதையேதான் கேட்கிறாள். நல்ல கட்டை எது, கழிக்க வேண்டியது எது என்று நாளெல்லாம் பிரித்துப் போடுகிற எனக்கு, இதை எந்தப் பக்கம் போடுவதென்று தெரியவில்லை.

"யாரும் இல்லம்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். மீனின் மேல் வைத்திருந்த கையை எடுக்கவில்லை.

"வெயிலா இருக்குது. நீ போடி, இது அடங்குறதுக்கு நேரமாவும்."

"நானும் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, எனக்கு எதிரில் கிடந்த மீனின் மேல் என் கையை வைத்தேன். ஓடு சுட்டது. அதற்கடியில் எங்கோ உயிர் மெல்ல இடித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையை எடுக்காமல் வைத்திருந்தேன். துடுப்பு என் சுண்டுவிரலின் மேல் விரிந்தது, மூடியது. வெகுநேரத்துக்குப் பிறகு இன்னொரு தடவை விரிந்தது. மூடவில்லை.